தளம் மாறும்போது தமிழ் வகுப்பு

பள்ளியொன்று தான் பயன்படுத்திவரும் காணொளிச் சந்திப்புத் தளத்தை விட்டு வேறொரு தளத்துக்கு மாறும்போது, அதனை நிர்வாகம் சார்ந்த ஒரு சிறு மாற்றமாகவே நம்மில் பலர் கருதுகிறோம். சுற்றறிக்கை ஒன்று வரும். புதிய செயலியைப் பதிவிறக்கம் செய்யும் முறை விளக்கப்படும். குறிப்பிட்ட நாள் முதல் பழைய இணைப்புகள் செல்லாதவை ஆகும். பிற பாடங்கள் பலவற்றுக்கு இவ்வளவு ஏற்பாடே போதுமானதாக இருக்கலாம். தமிழ்ப் பாடத்துக்கு இது போதாது என்பதையும், இம்மாற்றத்தின்போது தமிழாசிரியரும் மாணவரும் கவனிக்க வேண்டியவை எவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காடாக இருந்தனர்; 2020இல் அது 29.2 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக உயர்ந்தனர். இந்தியர் என்னும் இப்பிரிவில் தமிழரல்லாதாரும் அடங்குவர் என்றாலும், போக்கு எத்திசையில் செல்கிறது என்பதில் ஐயமில்லை. நம் மாணவர் பலருக்குத் தமிழ் வகுப்பே தமிழில் தொடர்ந்து பேசக் கிடைக்கும் இடம். அங்கே பேசும் நேரம் குறைந்தால் அதனை ஈடுசெய்ய வேறிடம் இல்லை. ஆகவே, புதிய தளத்தை மதிப்பிடும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இத்தளத்தில் மாணவர் முன்பைவிடக் கூடுதலாகத் தமிழ் பேசுவரா, குறைவாகப் பேசுவரா?

தளங்கள் ஏன் மாறுகின்றன?

கொவிட்-19 நோய்ப்பரவலின்போது, 2020 ஏப்ரல் 8ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு முழுமையாக மாறின. அந்த முதல் வாரத்திலேயே, ஸூம் வழியாக நடந்த பாடமொன்றில் வெளியார் புகுந்து தகாத படங்களைக் காட்டிய செய்தி வெளிவந்தது. ஆசிரியர்கள் அத்தளத்தைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு உடனே நிறுத்திவைத்தது; பாதுகாப்பு ஏற்பாடுகளை வலுப்படுத்திய பின்னர், சில நாள்களில் படிப்படியாக மீண்டும் அனுமதித்தது. அதே மாதத்தில் அந்நிறுவனமும் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் தன் பயனாளர் பலருக்குத் தொடக்கத்திலிருந்தே இயங்கும் அமைப்புகளாக ஆக்கியது. ஒரு தளத்தை மட்டுமே நம்பிப் பாடம் திட்டமிட்டால் ஒரே இரவில் திட்டம் குலையக்கூடும் என்பதை அந்நாள்கள் நமக்கு உணர்த்தின.

பாதுகாப்பைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. உரிமக் கட்டணம் உயரலாம். பள்ளியின் மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு ஆகியவற்றோடு இணைந்த தளத்தையே எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்யலாம். சில வேளைகளில் தளமே மறைந்துவிடும். 2003இல் தொடங்கி உலகெங்கும் குடும்பங்களை இணைத்த ஸ்கைப், 2011இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2025 மே மாதத்தில் மூடப்பட்டது.

நோய்ப்பரவல் தணிந்த பின்னரும் இணையவழிக் கற்றல் நம்மை விட்டு நீங்கவில்லை. 2021 முதல் உயர்நிலைப்பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்கும் ஏற்பாடு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனவே தளமாற்றம் இனியும் நிகழும் என்று எதிர்பார்த்து நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

பேசும் நேரத்தைக் கணக்கிடுவோம்

இருபது மாணவர் உள்ள ஒரு வகுப்பில் முப்பது நிமிடப் பாடத்தை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் இருபது நிமிடம் விளக்குகிறார் எனில், எஞ்சிய பத்து நிமிடத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஒவ்வொருவருக்கும் அரை நிமிடமே கிட்டும். அதே பத்து நிமிடத்தை ஐவர் கொண்ட நான்கு குழுக்களுக்கு ஒரே நேரத்தில் அளித்தால் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசலாம். பேசும் நேரம் நான்கு மடங்காகிறது. காணொளிச் சந்திப்பில் இதனைச் செய்ய உதவுவது சிறுகுழு அறை என்னும் வசதி.

இவ்வசதி எல்லாத் தளங்களிலும் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. ஸூம் தளத்தில் அது முன்பே இருந்தது. கூகல் மீட் தளத்தில் 2020 அக்டோபரில்தான் கல்வி நிறுவனங்களுக்கு அறிமுகமாயிற்று. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் தளத்தில் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. அந்த ஏப்ரலில் ஸூம் தளத்திலிருந்து மற்றவற்றுள் ஒன்றுக்கு மாறிய தமிழாசிரியர், அறிந்தோ அறியாமலோ குழு உரையாடலை இழந்திருப்பார். இன்று மூன்றிலும் அவ்வசதி உண்டு. ஆயினும், உரிமத்தின் வகையைப் பொறுத்து அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். குழுக்களை முன்கூட்டியே அமைக்க இயலுமா, ஆசிரியர் ஒரு குழுவிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்ல இயலுமா என்பனவும் தளத்துக்குத் தளம் வேறுபடும். வசதியின் பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு இயக்கமும் ஒன்றே என்று கொள்ளுதல் கூடாது.

ஒலி குறித்தும் அறிந்திருத்தல் நலம். ஒருவர் பேசும் ஒலி மற்றவரை அடையும் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்ல உரையாடலுக்கு உகந்தது என அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை கூறுகிறது. இஃது ஓர் அசையை ஒலிக்க ஆகும் நேரத்துக்கு நெருங்கியது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று அளந்து செய்யுளைச் சேர்ந்திசைப்பது நம் வகுப்பறை வழக்கம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெவ்வேறு தாமதத்தோடு குரல் வந்து சேரும்போது அந்த இசைவு குலைந்துவிடும். போதாக்குறைக்கு, இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் ஒரு குரலை முன்னிறுத்தி மற்றவற்றை அடக்கிவிடுவதும் உண்டு. சேர்ந்து ஒலித்தலை நேரடி வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு, காணொளி வகுப்பில் ஒருவர் சொல்ல மற்றவர் தொடரும் முறையைக் கையாளலாம். லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பயிற்றும்போது, மாணவர் தம் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வது நேரடி ஒலிபரப்பைவிடத் தெளிவான பயன் தரும்.

வகுப்புப் பட்டியலும் தமிழ் மாணவரும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் வகுப்பு பல வகுப்புகளிலிருந்து வரும் மாணவரைக் கொண்டு அமைவது இயல்பு. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் பிற பள்ளி மாணவரோடு சேர்ந்து பயில்கின்றனர். புதிய தளத்தில் கணக்குகளையும் குழுக்களையும் உருவாக்குவோர் வகுப்புப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டால், தமிழ் வகுப்புக்கு என்று ஒரு குழுவே உருவாகாமல் போகக்கூடும். ஒரு பள்ளியின் கணக்குடையோரை மட்டுமே உள்ளே விடும் பாதுகாப்பு அமைப்பு, மற்றொரு பள்ளியிலிருந்து வரும் மாணவரைக் காத்திருப்பு அறையிலேயே நிறுத்திவிடும். வெளியாரைத் தடுக்கும் அதே பூட்டு நம் மாணவரையும் தடுக்கும். மாற்றம் நிகழும் நாளுக்கு முன்பே தமிழாசிரியர் தம் வகுப்பின் முழுப் பட்டியலையும் தொழில்நுட்பப் பிரிவினரிடம் அளித்து, ஒவ்வொரு மாணவரும் உள்ளே வர முடிகிறதா என்று சோதித்தல் வேண்டும்.

எழுத்தும் அதன் கொள்கலமும்

காணொளி வகுப்பில் பேச்சுக்கு அடுத்த இடம் உரையாடல் பெட்டியில் எழுதுவதற்கு உண்டு. கூச்சம் மிகுந்த மாணவர் பலர் அங்கேதான் முதலில் வாய் திறக்கின்றனர். ஆனால், தமிழ் விசைப்பலகை கைக்கெட்டாதபோது அவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கிவிடுகின்றனர். இதற்குத் தளம் தடையாக இருப்பது அரிது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது; தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் இன்றைய கருவிகள் பலவற்றில் உள்ளன. குறை கருவியின் அமைப்பில் இருக்கும். புதிய செயலியை நிறுவும் அதே வேளையில் தமிழ் விசைப்பலகையையும் இயக்கிவைக்கச் செய்தால் இரு வேலைகளும் ஒருங்கே முடியும்.

தானியங்கு வசன வரிகளையும் கவனித்தல் வேண்டும். மொழித் தேர்வு ஆங்கிலமாக இருந்தால், மாணவர் பேசும் தமிழைச் செயலி பொருளற்ற ஆங்கிலச் சொற்களாகத் திரையில் காட்டும். தமிழைத் தேர்ந்தெடுக்க வழியிருப்பின் தேர்ந்தெடுக்கலாம்; இல்லையேல் அவ்வசதியை நிறுத்திவைப்பதே நன்று.

எழுதியவற்றை எங்கே சேமிப்பது என்பது இன்னொரு கேள்வி. இதில் தமிழுலகம் ஏற்கெனவே ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில் இயங்கின. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் படிக்க இயலாத குறிகளே தோன்றின. இச்சிக்கலை ஆராய, நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில் 1997இல் கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் விளைவாகத் தமிழ் 99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. கருவி மாறினாலும் எழுத்து நிலைக்க வேண்டும் என்பதே அம்முயற்சிகளின் நோக்கம்.

அந்நோக்கம் தளமாற்றத்துக்கும் பொருந்தும். உரையாடல் பெட்டியில் மாணவர் எழுதிய வாக்கியங்கள் சில தளங்களில் சந்திப்பு முடிந்ததும் மறைந்துவிடும்; வேறு சிலவற்றில் தளம் உள்ளவரை தங்கும். மாணவர் ஓராண்டு எழுதிய குறிப்புகளும் பதிவு செய்த வாய்மொழிப் பயிற்சிகளும் பழைய தளத்தோடு அழிந்துவிட்டால், அவர்தம் வளர்ச்சியை அளக்கும் சான்றும் அழிந்துவிடும். எழுத்தை ஒருங்குறிக் கோப்பாகவும், குரலை எக்கருவியிலும் இயங்கும் ஒலிக்கோப்பாகவும், தளத்துக்கு வெளியே பள்ளி ஒப்புக்கொண்ட இடத்தில் சேமித்துவைத்தல் நம் கடமை.

மாற்றத்தை நடத்தும் முறை

மாற்றம் அறிவிக்கப்பட்டதும் தமிழாசிரியர் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, பழைய தளத்தில் நடக்கும் ஒரு பாடத்தில் எத்தனை மாணவர் தமிழில் பேசினர், ஒவ்வொருவரும் எத்தனை முறை பேசினர் என்று குறித்துக்கொள்ளுதல். இரண்டாவது, புதிய தளத்தில் சிலரோடு மட்டும் ஒரு சிறு சோதனை வகுப்பு நடத்துதல். சிறுகுழு அறை, காத்திருப்பு அறை, உரையாடல் பெட்டி ஆகிய மூன்றையும் அதில் இயக்கிப் பார்த்தல். மூன்றாவது, முதல் முழு வகுப்பில் தளத்தையே பாடப்பொருளாக்குதல். ‘என் திரையைப் பகிர்கிறேன்’, ‘உங்கள் ஒலியை இயக்குங்கள்’, ‘கையை உயர்த்துங்கள்’ என்று மாணவர் ஒருவருக்கொருவர் தமிழில் வழிகாட்டட்டும். கருவியை நம்மைவிட விரைவில் கற்றுக்கொள்ளும் மாணவர், மற்றவருக்கு அதனைத் தமிழில் விளக்கும் பொறுப்பையும் ஏற்கட்டும். நான்காவது, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் ஒரு பாடத்தில் பேசியவர்களைக் குறித்து, முன்னைய குறிப்போடு ஒப்பிடுதல்.

அந்த ஒப்பீட்டில் எண்ணிக்கை குறைந்திருந்தால், காரணத்தைத் தேடலாம். எல்லாருடைய ஒலியும் தொடக்கத்திலேயே அடக்கப்பட்டிருக்கலாம். குழு அறைகள் கைவிடப்பட்டிருக்கலாம். ஓரிரு மாணவர் உள்ளே வர முடியாமல் விடுபட்டிருக்கலாம். இவை யாவும் திருத்தக்கூடியவை. திருத்த இயலாத குறை தளத்திலேயே இருப்பின், கையிலுள்ள குறிப்பைக் கொண்டு நிர்வாகத்திடம் எடுத்துரைக்கலாம். ‘புதிய தளம் வசதியாக இல்லை’ என்னும் முறையீட்டைவிட, ‘சென்ற மாதம் பதினாறு மாணவர் பேசினர், இம்மாதம் ஒன்பதின்மரே பேசினர்’ என்னும் செய்திக்கு வலிமை மிகுதி.

மாணவருக்கும் இதில் பங்குண்டு. ஒலியை அடக்கிவைத்து அமைதியாக அமர்ந்திருப்பது எந்தத் தளத்திலும் எளிது. இணைப்பு கிடைத்ததும் ஒரு வாக்கியமேனும் தமிழில் பேசிவிட்டு வகுப்பைத் தொடங்கும் பழக்கத்தை நாம் அனைவரும் மேற்கொள்வோமாயின், அடுத்த தளத்துக்கும் அப்பழக்கம் நம்முடனேயே வரும்.