இயந்திரச் சாட்சியும் துப்பறிவாளரும்

துப்பறியும் புதினத்தைப் படிக்கும்போது ஆசிரியர் காட்டியதை மட்டுமே நாம் காண்கிறோம். சாட்சியிடம் நாமே ஒரு வினாத் தொடுக்க அங்கு வழியில்லை. அவ்வழியைத் திறந்தவை கணினித் துப்பறியும் விளையாட்டுகள்.

இவற்றுள் ஜப்பானில் பெயர்பெற்றது, யூஜி ஹோரி உருவாக்கி 1983இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டோப்பியா தொடர் கொலை வழக்கு’. கோபே நகரில் கடன் நிறுவனத் தலைவர் ஒருவர் பூட்டிய அறையில் இறந்து கிடக்கிறார். ஆடுபவர் யாசு என்னும் உதவியாளருக்கு ஆணைகளைத் தட்டச்சிட வேண்டும். கணினி அறிந்த சொல்லன்றி வேறு சொல் அங்குச் செல்லாது. விடை தெரிந்தும் சொல் கிடைக்காமல் திண்டாட நேரும்!

2023 ஏப்ரலில் ஸ்கொயர் எனிக்ஸ் அதே கதையைச் செயற்கை நுண்ணறிவுடன் வெளியிட்டது. எவ்வாறு வினவினும் பொருள் கொள்ளச் செய்வதே நோக்கம். ஆயினும் மறுமொழியைத் தானே ஆக்கும் ஆற்றல் அதில் சேர்க்கப்படவில்லை. முறையற்றதைப் பேசிவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். எளிய வினாவும் யாசுவுக்கு விளங்கவில்லை என ஆடியோர் குறைகூறினர்.

பாத்திரங்களைத் தாமாகவே பேசவிட்ட ‘வாட்வில்’ போன்ற விளையாட்டுகளும் அவ்வாண்டிலேயே வந்தன. இங்கு இடர் வேறு. பெரும் மொழி மாதிரி என்பது, தான் பயின்ற நூற்றொகுதியின் வழியே அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து அடுக்குவது. அது மெய்யா என ஆராய்வதன்று. “கொலை நடந்த இரவில் எங்கிருந்தீர்?” என்று கேட்டால், கதையில் இல்லாத தங்கையையும் ஓடாத புகைவண்டியையும் சேர்த்துத் தடையின்றி விடை தரக்கூடும். குற்றவாளி தன்னை மறைக்கச் சொல்லும் பொய் ஒரு தடயம். இயந்திரம் நோக்கமின்றிப் புனைந்ததோ தடயமன்று. இரண்டும் ஒரே குரலில் வந்தால் துப்பறிவாளர் எதைப் பற்றிச் செல்வார்? இவ்விளையாட்டின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து. படமும் ஒலியும் (மாணவர் எவ்வளவு வியந்தாலும்) அதற்குப் பின்னரே.

இவ்விடரைக் குறைக்க ஒரு வழி உண்டு. கொலையாளி யார், யார் எங்கிருந்தார், கருவி எது என்பனவற்றை மனிதரே முன்னதாக எழுதி வைத்து, ஒவ்வொரு பாத்திரத்திற்கும் அது அறிந்ததை மட்டும் குறிப்பாக வழங்கலாம். அப்போதும் உரையாடல் நீள நீள, முன்னர்ச் சொன்னது மாதிரியின் நினைவெல்லைக்கு அப்பால் போய்விடக்கூடும். எனவே, ஆடுவோர் ஒரே வினாவைச் சொல் மாற்றி இருமுறை கேட்பதும், விடையை மற்றொரு சாட்சியின் கூற்றோடும் அறையில் கிடைத்த கடிதம், சாவி முதலிய பொருள்களோடும் ஒப்பிடுவதும் வேண்டும். அவற்றுள் பொருள்களையே முதலில் நம்பலாம். அவை மனிதர் எழுதி வைத்தவை.