தரையோரம் சுழலும் விசிறி

நம் வீட்டுச் சமையலறையில் புகையை வெளியேற்றும் விசிறி கூரையை ஒட்டி இருக்கும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரின் அறையில் அதே விசிறி தரையோரம், கணுக்கால் உயரத்தில் இருக்கும். பீப்பாய் போலப் படுத்துக் கிடக்கும் பெரிய சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலும் 900 கிலோ வரை திரவக் குளோரின். கசிந்தால் அது மேலே போகாது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் தண்ணீர் போலத் தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். விசிறியைக் கீழே வைத்தவர் அந்த வாயுவின் குணம் தெரிந்தவர்.

நச்சு வாயுவோடு வாழும் கலையே இந்தக் குணம் அறிதல்தான். எந்த வாயு, எவ்வளவு கனம், என்ன வாசனை, தண்ணீரில் கரையுமா என்ற நான்கு விவரங்கள் தெரிந்தால் உயிர் பிழைக்க வழி உண்டு. தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே வேலை செய்பவர்களுக்கு இவை சொல்லித்தரப்படுகின்றன. வெளியே குடியிருப்பவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.

குளோரினின் பிறப்பிடம் நமக்கு அந்நியமில்லை. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் மேட்டூரிலும் இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. சோப்புக்கும் காகிதத்துக்கும் காஸ்டிக் சோடா போகிறது. குளோரின் பி.வி.சி. குழாய்க்குப் போகிறது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், 57 சதவீதம், குளோரின்தான். குழாயில் வரும் தண்ணீரைச் சுத்தம் செய்வதும் குளோரின், அந்தக் குழாயே பெரும்பகுதி குளோரின்.

ஓர் எலக்ட்ரான் குறைவாக இருப்பதுதான் குளோரின் அணுவின் தவிப்பு. எதைத் தொட்டாலும் அதிலிருந்து அதைப் பறிக்கப் பார்க்கும். தண்ணீரில் கலந்ததும் ஹைபோகுளோரஸ் அமிலமாக மாறிக் கிருமியின் உறையைத் துளைத்து அழிக்கிறது. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-ல் குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்மம் சேர்க்கத் தொடங்கினார்கள். பிறகு உலகெங்கும் பரவிய இந்த வழக்கம் காலராவையும் டைபாய்டையும் ஊர்களிலிருந்து விரட்டப் பெரிதும் உதவியது. அதே பறிக்கும் குணம் நுரையீரலின் ஈரத்திலும் வேலை செய்யும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை ஆயிரக்கணக்கான சிலிண்டர்களின் வால்வுகளைத் திறந்துவிட்டது. மஞ்சள் கலந்த பச்சை மேகம் காற்றோடு நகர்ந்து, பதுங்கு குழிகளுக்குள் இறங்கியது. குண்டுக்குத் தப்பப் பள்ளத்தில் ஒளிந்தவர்களை, பள்ளம் தேடி வரும் வாயு கொன்றது. கிருமியைக் கொல்லும் வேதியியலும் மனிதனைக் கொல்லும் வேதியியலும் ஒன்றுதான். அளவும் இடமும்தான் வேறு.

குளோரின் அறையில் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை உண்டு. ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அமோனியா கரைசலில் நனைத்து, வால்வின் இணைப்புகளுக்கு அருகே மெல்ல நகர்த்துவார்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சட்டென்று வெண்புகை எழும். கண்ணுக்குத் தெரியாத அளவு குளோரினும் அமோனியாவும் சந்தித்துப் பிறக்கும் அந்தப் புகை அமோனியம் குளோரைடு. நம் ஊர்ப் பெயர் நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடான பாத்திரத்தில் தூவித் தேய்ப்பாரே, அதே பொடி. இரண்டு நச்சு வாயுக்கள் சேர்ந்து கொடுப்பது அந்த வெள்ளைப் பொடியை.

கசியும் சிலிண்டர் மீது பதற்றத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் பட்ட குளோரின் அமிலமாகி உலோகத்தை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். ஓட்டை மேல்பக்கம் வருமாறு சிலிண்டரை உருட்டிவிடுவதுதான் பயிற்சி பெற்றவர்கள் செய்வது. அப்போது திரவம் வெளியேறாது, வாயு மட்டுமே வெளியேறும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் 450 லிட்டருக்கும் மேலான வாயுவாக விரியும் என்பதை நினைத்தால், அந்த ஓர் உருட்டலின் மதிப்பு புரியும்.

அமோனியாவின் குணம் வேறு. காற்றைவிட லேசானது, தண்ணீர் மேல் தீராத ஆசை கொண்டது. ஒரு லிட்டர் தண்ணீர் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 700 லிட்டர் அமோனியாவைக் கரைத்துக்கொள்ளும். யூரியாவுக்கு மூலப்பொருள் இதுதான். மீன்பிடித் துறைமுகங்களின் ஐஸ் கம்பெனிகளில் குழாய்களுக்குள் சுற்றிவந்து தண்ணீரைக் கட்டியாக்குவதும் இதுதான். மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. தண்ணீரை நாடும் அதே குணத்தால்தான் கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் முதலில் தாக்குகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் அமோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடினால் அமோனியாவில் ஒரு பங்கு துணியின் ஈரத்திலேயே கரைந்து நிற்கும். எளிய அறிவுதான், முன்கூட்டியே தெரிந்தால்தான் உதவும்.

மூக்கை முழுதாக நம்பவும் முடியாது. அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடை, அணு உலைகளுக்கான கனநீர் தயாரிக்கத் தெலங்கானாவின் மணுகூருவில் டன் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அதே வாயு சாக்கடையிலும் மலக்குழியிலும் தானாக ஊறுகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு கலந்தாலே சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துப்போகும். 'நாத்தம் போயிடுச்சு' என்று மலக்குழிக்குள் இறங்குவது மரணத்துக்குள் இறங்குவது. விழுந்தவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் விழுவது இதனால்தான். பாதுகாப்புக் கவசமின்றி மனிதனை அங்கே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறிவியல்படியும் அதற்கு நியாயமே இல்லை.

பாஸ்ஜீன் என்ற வாயு இன்னும் வஞ்சகமானது. புதிதாக வெட்டிய புல்லின் மணம் வீசும். தண்ணீரில் எளிதில் கரையாததால் தொண்டையில் எரிச்சல் காட்டாமல் நுரையீரலின் ஆழம் வரை போகும். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தே தொடங்கும். மெத்தையின் நுரைக்கும் உடையாத பிளாஸ்டிக்குக்கும் இதுதான் மூலம். பாஸ்ஜீனிலிருந்து தயாரித்த மீத்தைல் ஐசோசயனேட்டைப் பூச்சிக்கொல்லி செய்யத் தொட்டியில் தேக்கி வைத்த ஊர்தான் போபால். 1984 டிசம்பர் 2 இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, வினை மூண்டு, ஏறக்குறைய 40 டன் வாயு உறங்கும் நகரின் மேல் படர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓடியவர்கள் வேகமாக மூச்சிழுத்தார்கள், அதனால் நஞ்சும் அதிகம் உள்ளே போனது. ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள், காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள் என்ற இரண்டே வரிகள் அன்றிரவு அந்த மக்களுக்குப் போய்ச் சேரவில்லை.

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி என்ற பிரிவு சேர்ந்தது. ஆலையில் இருக்கும் ஆபத்தையும் தற்காப்பு முறையையும் தொழிலாளருக்கு மட்டுமல்ல, சுற்றி வாழும் மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது அது. 1989-ம் ஆண்டு விதிகள் ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தை மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. அந்தத் திட்டம் கோப்பில் உறங்கக் கூடாது. ஆலைப் பகுதியின் ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலும் நம் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: இங்கே இருக்கும் வாயு இது, கசிந்தால் மேட்டுக்கு ஏறு, துணியை நனை, காற்று வீசும் திசைக்குக் குறுக்காகப் போ.

நம் வீட்டுக்கும் ஒரு வரி உண்டு. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். கதவை மூடிய சின்னக் கழிப்பறையில் அந்த நொடியே பிறப்பதும் குளோரின்தான். அங்கே தரையோரம் விசிறி கிடையாது.