உங்களுக்குத் தெரியுமா? எத்தனை நின்றால் எல்லாம் நிற்கும்?

பாலக்கோடு தக்காளி மண்டியோ தருமபுரி டீக்கடையோ, க்யூஆர் அட்டை இல்லாத இடம் இன்று அரிது. செயலிகளும் பல இருப்பதால், யுபிஐ நன்றாகப் பரவலாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் எண்ணிக்கை வேறு, பரவல் வேறு. ஓர் அமைப்பின் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் கையில் வைத்திருக்க முடியும்? இதுதான் 2017-ல் பாலாஜி ஸ்ரீநிவாசனும் லேலண்ட் லீயும் பிளாக்செயினுக்காக முன்வைத்த ‘நகமோட்டோ கெழு’. அதை இங்கே பொருத்தினால் விடை வெறும் 2. 2024-ல் யுபிஐ பரிவர்த்தனைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் போன்பே, கூகுள் பே இரண்டின் வழியாகவே நடந்தன. ஒரு செயலியின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2020-ல் அறிவித்த வரம்பும் 2026 டிசம்பர் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது.

அந்த வரம்பு மட்டுமே போதும் என்பதும் சரியல்ல. செயலிகள், அவற்றுக்குப் பின்னுள்ள மையம் என ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். மிகச் சிறிய எண்ணே அமைப்பின் உண்மையான பலம். எல்லாச் செயலிகளும் கடந்தாக வேண்டிய என்பிசிஐயின் மையத்தில் அந்த எண் 1. 2025 ஏப்ரல் 12-ல் யுபிஐ தடுமாறியபோது, செயலியை மாற்றிப் பார்த்தவர்களுக்கும் பயனில்லாமல் போனது இதனால்தான். மையம் ஒன்றாக இருந்தால்தான் மோசடியைக் கண்காணிக்க முடியும் என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் விதியும் கண்காணிப்பும் ஒன்றாக இருக்கலாம், பணம் போகும் பாதை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என்பிசிஐக்கு இணையான இன்னொரு அமைப்புக்காக ரிசர்வ் வங்கி 2020-லேயே விண்ணப்பம் கேட்டது; அந்த முயற்சி கைகூடவில்லை.