அப்பாவுக்கு மறதி நோய்: அரியலூரில் எங்கே போவது, எதை முதலில் செய்வது?

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்பே "எனக்கு இன்னும் சோறு போடல" என்று சண்டைக்கு வரும் அப்பாயி. வருஷக்கணக்காகப் போய்வந்த முந்திரிக் காட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும் தாத்தா. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று அரியலூர், பெரம்பலூர் பக்கம் இதைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பு அல்ல. மூளையைப் பாதிக்கும் நோய். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களைவிடக் கிராமங்களில் அதிகம்.

முதலில் எங்கே?

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். பெரம்பலூர்க்காரர்களுக்கு மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை. "மனநலப் பிரிவா? எங்கம்மா என்ன பைத்தியமா?" என்ற கோபம்தான் பல வீடுகளில் முதல் தடை. மறதி நோயும் அங்கே பார்க்கப்படுவதுதான். நரம்பியல் நிபுணர் தேவைப்பட்டால் திருச்சி அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது, மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று ஆள் குழம்பினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

அல்சைமர்தான் என்று உறுதியானால், குணமாக்கும் மருந்து இல்லை. மாத்திரை சிலருக்குச் சில காலம் உதவும்.

'பவர்' வாங்கினால் போதுமா?

நோய் தெரிந்ததும் சொந்தபந்தம் கூடிப் பேசுவது பெரும்பாலும் நிலத்தைப் பற்றித்தான். "பவர் எழுதி வாங்கிட்டா போதும்" என்பார்கள். போதாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எப்போது தேவையோ, அப்போது அது செல்லாது.

உயில் அப்படியல்ல. எழுதும் நேரத்தில் மனம் தெளிவாக இருந்தால், பிறகு நோய் முற்றினாலும் செல்லும். ஆரம்ப நிலையில் பலர் தெளிவாகவே இருப்பார்கள். அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, டாக்டரிடம் சான்று வாங்கி எழுதிவைத்தால் பின்னாளில் வழக்கு வந்தாலும் உதவும். வங்கிக் கணக்கை இருவரில் ஒருவர் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுவதும் இப்போதே செய்ய வேண்டியது. சிகிச்சை முடிவுகளில் துணை நிற்க ஒருவரை நியமிக்க, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். எல்லாம் கைமீறியபின் என்றால், பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் ஏற வேண்டிவரும்.

எழுதி வாங்கிய பிள்ளைகள் கைவிட்டால்? 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். அரியலூர், உடையார்பாளையம் இரண்டிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்யவும் கேட்கலாம்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவர்களும் பேசலாம், 14416 டெலி-மானஸ் எண்ணில். 24 மணி நேரமும், தமிழில். முதியோருக்கான 14567 எல்டர்லைன் காலை 8 முதல் இரவு 8 மணி வரை. இரண்டும் இலவசம். சென்னை அண்ணாநகரில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பிலும் முதியோர் மறதி நோய்க்கான சேவை இருக்கிறது.

படுத்த படுக்கையாகிவிட்டால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவரின் உயிர்வாழ் சான்றுக்காக அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தபால்காரரிடம் சொல்லிவைத்தால், சிறு கட்டணத்துக்கு வீட்டிலேயே கைரேகை எடுத்துப் பதிவு செய்துவிடுவார்.