பதினஞ்சு புள்ளி, எட்டுல நிறுத்து

அவனியாபுரத்தில் தை 1 அன்று ஜல்லிக்கட்டு. அதற்கு முந்தைய பத்து நாளும் எனக்கு ராத்தூக்கம் இருந்ததில்லை. பிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. இப்போது வெப் டெவலப்பர். "படம் போடுற கைக்கு கோடிங் வருமாண்ணே?" என்று கடைப் பக்கம் போனால் தம்பிகள் கேட்கிறார்கள். வரும். ஆனால் பழைய தொழிலில் இருந்து எது கூட வரும், எது வராது என்று தெரிந்துகொண்டு இறங்கணும்.

முதலில், கூட வருவது. மார்கழியில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோலம் சொல்வது இப்படி: "பதினஞ்சு புள்ளி, ஊடு புள்ளி, எட்டுல நிறுத்து." நடு வரிசையில் 15. அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8 வரை. கூட்டிப் பார்த்தால் 169 புள்ளி. அந்த 169-ஐ யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எங்கே தொடங்கணும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு குறையணும், எங்கே நிற்கணும், இது மூன்றும் போதும். நிரலில் 'லூப்' என்பதும் இதேதான்.

இதை ஒப்புமைக்காக மட்டும் சொல்லவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கணினியியலின் 'அரே கிராமர்' முறையில் கோலத்தை விளக்கி 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கண விதிகளால் வாக்கியங்களை உண்டாக்குவது போல, விதிகளால் கோலங்களையும் உண்டாக்கலாம் என்பது அதன் சாரம். விதியாக யோசிப்பது நம் வாசலில் ஏற்கெனவே இருக்கிறது.

இனி, கூட வராதது. பிளெக்ஸில் கண்ணுக்குச் சரியாக இருந்தால் வேலை முடிந்தது. பத்துக்கு எட்டு அடி என்றால் கடைசி வரை அதே அளவுதான். வெப் பக்கத்துக்கு அப்படி நிலையான அளவு கிடையாது. யார், எந்த போனில், எவ்வளவு பெரிய எழுத்தில் திறப்பார்கள் என்று தெரியாது.

எனக்கு இது உறைத்தது 'கொ' என்ற எழுத்தில். பாமினி ஃபாண்டில் கொம்பு, க, கால் என்று கண்ணில் தெரிகிற வரிசையில் மூன்று தட்டு. ஃபைலுக்குள் இருப்பது மூன்று ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் வேஷம் போடுவது ஃபாண்ட். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது திரையில் காட்டும்போது நடக்கிற வேலை. 'எப்படித் தெரியுது' என்றே யோசித்துப் பழகியவன், 'உள்ளே என்ன இருக்கு' என்று யோசிக்க ஆறு மாதம் ஆனது.

ஆனால் பழைய கண் வீண்போகவில்லை. ஒரு தளத்தில் ஊர்ப் பெயர் 10 எழுத்துக்கு மேல் போனால் வெட்டுகிற மாதிரி எழுதியிருந்தோம். நம் ஊர்ப் பெயரை நாம் எண்ணினால் 7 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் 11, ஏனென்றால் துணைக்குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். பத்தோடு வெட்டியதில் திரையில் வந்தது 'அவனியாபுரம'. கடைசிப் புள்ளி காணோம். டெஸ்டிங்கில் யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் பார்த்ததும் உறுத்தியது. தமிழ் எழுத்தை முழு எழுத்தாக எண்ணும் 'செக்மென்டர்' வசதியை வைத்துத் திருத்தினேன். என்னை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஒன்றரை வருஷம் எனக்குப் பகலில் கடை, ராத்திரியில் படிப்பு. முதல் சம்பளம் கடைச் சம்பளத்தைவிடக் குறைவு. வீட்டில் அதைச் சொல்லித்தான் சேர்ந்தேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ்ஸில் தொடங்குங்கள். மாற்றியது உடனே கண்ணுக்குத் தெரியும், அது நமக்குப் பழகினது.

அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரே ஒரு பயிற்சி: அம்மா சொன்ன அந்தப் புள்ளிகளைத் திரையில் வைத்து, மொத்தத்தை எண்ணச் சொல்லுங்கள். 169 வரணும். முதல் தடவை வராது. 154 வரலாம், 184 வரலாம். எங்கே தப்பு என்று ஒரு மணி நேரம் அலுக்காமல் தேட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்.