குறட்டைக்கும் உங்க க்ளெய்முக்கும் என்ன சம்பந்தம்? எடைக் குறைப்பு சர்ஜரிக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை பாரமா இருக்கு. மதியம் மீட்டிங்கில் உட்கார்ந்தா கண்ணு சொக்குது. ரூம்மேட் சொல்றான்: "டேய், நீ குறட்டை விடுறதுகூட பரவாயில்லடா. நடுவுல சத்தமே இல்லாம நின்னு போகுது பாரு, அதுதான் பயமா இருக்கு." எடை மூன்று இலக்கத்துக்கு வந்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. டயட், ஜிம் எல்லாம் பார்த்தாச்சு. இப்போ டாக்டர் பேரியாட்ரிக் சர்ஜரி பற்றி யோசிக்கச் சொல்கிறார்.

இது உங்க கதையாகவோ, உங்க அண்ணன், அக்கா கதையாகவோ இருந்தால், இந்தக் கட்டுரையைக் கடைசி வரை படிங்க. "பணம் பற்றிப் பேசுற இடத்துல குறட்டைக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். இந்த சர்ஜரி விஷயத்தில் ஒரே ஒரு இரவு எடுக்கிற தூக்கப் பரிசோதனை இரண்டு பெரிய கேள்விகளைத் தொடுகிறது. ஒன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருமா? இரண்டு, மயக்க மருந்து கொடுத்த பிறகு நீங்க பத்திரமாக மூச்சு விடுவீங்களா?

முதலில், ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். எடை அதிகமானவர்களுக்குக் கழுத்திலும் நாக்கைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்திருப்பதால், மூச்சு போகிற வழி அடைபடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உங்களை ஒரு நொடி எழுப்பிவிடும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. உங்களுக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. மறுநாள் சோர்வு மட்டும்தான் தெரியும். பைக் ஓட்டும்போது கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதைத்தான் ஏ.எச்.ஐ. என்ற எண்ணாகச் சொல்கிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் தீவிரம். 30 என்றால் ராத்திரி முழுக்க இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. இந்த 30 என்ற எண்ணை மனசில் வைச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

பாலிசியில் ஒளிந்திருக்கும் நாலு வரி

உங்க ஹெல்த் பாலிசியை எடுத்து, விலக்குகள் பகுதியில் "எக்ஸ்க்ளூஷன் கோட் 06" எங்கே இருக்கு என்று பாருங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. உடல் பருமனுக்கான சர்ஜரிக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால்:

1. டாக்டர் ஆலோசனைப்படி நடக்க வேண்டும்.
2. மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும்.
3. வயது 18 அல்லது அதற்கு மேல்.
4. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். அல்லது 35-ம் அதற்கு மேலும் இருந்து, கூடவே குறிப்பிட்ட தீவிர நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். எளிய வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

அந்தத் தீவிர நோய்கள் நாலுதான். பருமனால் வரும் இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை, அப்புறம் தீவிர ஸ்லீப் ஆப்னியா.

ஒரு உதாரணம் பார்க்கலாம். உயரம் 170 செ.மீ., எடை 107 கிலோ. பி.எம்.ஐ. 37. இருபத்தொன்பது வயசு, சர்க்கரை இல்லை, இதயம் நல்லா இருக்கு. இவருக்கு அந்தக் க்ளாஸில் திறந்திருக்கும் ஒரே கதவு தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்தான். ஏ.எச்.ஐ. 34 என்று வந்தால் "தீவிரம்". 22 என்று வந்தால் "நடுத்தரம்". கதவு மூடிவிட வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விஷயத்தில் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதால், ஆசிய உடல்வாகுக்கு டாக்டர்கள் இதைவிடக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே சர்ஜரியைப் பரிந்துரைக்கலாம். 33-ல் டாக்டர் "செய்யலாம்" என்பார். பாலிசி 35, 40 என்றுதான் பேசும். டாக்டர் சொல்வதும் தப்பில்லை, பாலிசியும் தன் வாசகப்படிதான் நடக்கிறது. நடுவில் இருக்கிற இடைவெளி உங்க பாக்கெட்டிலிருந்து போகும்.

எவ்வளவு போகும்?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, ஊருக்கு ஊர் மாறும். அதனால் கணக்குக்காக நான் சில எண்களை வைக்கிறேன். உங்களுக்குக் கிடைக்கிற எஸ்டிமேட்டை அதே இடத்தில் போட்டுப் பாருங்க.

சர்ஜரி பில் 4,00,000. தூக்கப் பரிசோதனை 12,000. வீட்டில் வைத்துக்கொள்ளும் சிபேப் மெஷின் 45,000. சர்ஜரிக்குப் பிறகு முதல் வருஷம் வைட்டமின், ரத்தப் பரிசோதனை மாதம் 2,000 வீதம் 24,000.

க்ளெய்ம் கிடைத்து, பில்லில் 20,000 மட்டும் கழித்தார்கள் என்றால் உங்க செலவு 1,01,000. க்ளெய்ம் மறுக்கப்பட்டால் 4,81,000. அந்த நாலு லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் மூன்று வருஷ பர்சனல் லோன் போட்டால், இ.எம்.ஐ. சுமார் 13,670. வட்டி மட்டுமே 92,000-க்கு மேல்.

க்ளெய்ம் கிடைத்தாலும் கையில் ஒரு லட்சம் வேண்டும் என்பதைக் கவனிங்க. வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் சிபேப் மெஷினுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் அதுவும் விலக்கில் வரும். ஆனால் சர்ஜரிக்கு அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 அல்லது 60 நாளுக்குள் எடுத்த பரிசோதனையை, அட்மிஷனுக்கு முந்தைய செலவாகக் கேட்டுப் பார்க்கலாம். உங்க பாலிசியில் 30 நாளா 60 நாளா என்று பார்த்து, பில்லை பத்திரமாக வைங்க.

"சொல்லாம விட்டுட்டா என்ன?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். புது பாலிசி எடுக்கும்போது எடையைக் கொஞ்சம் குறைத்துப் போடுவது, குறட்டைக்காக டாக்டரைப் பார்த்ததை மறைப்பது.

ஏற்கெனவே உள்ள நோய்க்கு இப்போது அதிகபட்சக் காத்திருப்புக் காலம் 3 வருஷம். உண்மையைச் சொன்னால் காத்திருக்கலாம், பிரீமியம் கொஞ்சம் கூடலாம். சில கம்பெனிகள் மறுக்கவும் செய்யலாம். கஷ்டம்தான். ஆனால் மறைத்தால், முதல் 5 வருஷத்துக்குள் எந்தப் பெரிய க்ளெய்மிலும் அதைத் தோண்டி எடுத்து பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்கு வழி இருக்கு. மோசடி என்று நிரூபித்தால் 5 வருஷத்துக்குப் பிறகும் விடமாட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. க்ளெய்முக்குப் பயந்து "ரிப்போர்ட்டே வேண்டாம்" என்று தூக்கப் பரிசோதனையைத் தவிர்த்தால், மயக்கவியல் டாக்டருக்கும் உங்க மூச்சுப் பிரச்சினை தெரியாமல் போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மறைக்கிறோம் என்று நினைத்து, உங்க மூச்சைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடமே மறைக்கிறீங்க.

சர்ஜரிக்கு முன்: சில வாரப் பயிற்சி

ரிப்போர்ட்டில் ஆப்னியா வந்தால், பெரும்பாலும் சிபேப் மெஷினைப் பயன்படுத்தச் சொல்வார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் அவர் குழுவும் வெளியிட்ட யோசனை. இன்றுவரை முதன்மை சிகிச்சை இதுதான்.

முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். மாஸ்க் அளவு சரியில்லை என்றால் காற்று கசியும், வாய் வறளும். அதனால் உடனே வாங்காதீங்க. பெரிய ஊர்களில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு மாசம் வாடகைக்கு எடுத்து, மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு முடிவு பண்ணுங்க. தினமும் எத்தனை மணி நேரம் போட்டீங்க என்று பதிவு செய்கிற மெஷினாகக் கேட்டு வாங்குங்க. அந்தப் பதிவை மயக்கவியல் டாக்டரிடம் காட்டலாம்.

சர்ஜரி அன்று

பையில் சட்டை, சார்ஜர் வைக்கிற மாதிரி உங்க மெஷினையும் மாஸ்க்கையும் எடுத்து வைங்க. "என் ஏ.எச்.ஐ. இவ்வளவு, மெஷின் அழுத்தம் இவ்வளவு" என்று முந்தைய நாளே டாக்டரிடம் சொல்லுங்க.

அது தெரிந்தால் அவர்கள் திட்டமே மாறும். தலையையும் தோளையும் உயர்த்திப் படுக்க வைப்பார்கள். மூச்சுக்குழாய் போடுவது கடினமாக இருக்கலாம் என்று தயாராக இருப்பார்கள். முழுசாக விழித்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள். மூச்சை மந்தமாக்கும் ஓபியாய்ட் வலி மருந்துகளை முடிந்தவரை குறைப்பார்கள். வார்டில் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கவனிப்பார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகு, வலி மருந்தோடு மல்லாந்து தூங்கும் அந்த முதல் ராத்திரிகளும் ஆபத்தானவைதான்.

"மாஸ்க் காற்று வயிற்றுத் தையலைப் பிரிச்சிடாதா?" என்ற பயம் பலருக்கு உண்டு. பேரியாட்ரிக் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் சிபேப்பால் தையல் கசிவு கூடியதாகத் தெரியவில்லை. எப்போது போடுவது என்பதை உங்க டாக்டர் குழு முடிவு செய்யும்.

இதிலும் ஒரு பணக் கணக்கு இருக்கு. ஆப்னியா உள்ளவர்களை ஒரு ராத்திரி கூடுதல் கண்காணிப்புப் படுக்கையில் வைக்கலாம். அது உங்க பாலிசியில் ஐ.சி.யூ. கணக்கா, ரூம் வாடகைக் கணக்கா என்று முன்கூட்டியே கேளுங்க. ரூம் வாடகை வரம்பைத் தாண்டினால் மற்ற செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டு விழலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

எடை இறங்க இறங்க ஆப்னியா குறையும். பலருக்கு நல்ல மாற்றம் தெரியும், ஆனால் எல்லோருக்கும் முழுசாகப் போய்விடாது. குறட்டை நின்றது என்பதற்காக மெஷினை நீங்களே மூலையில் போடாதீங்க. எடை ஒரு நிலைக்கு வந்ததும் மறுபடி பரிசோதனை செய்து, டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்க. எடை திரும்பினால் ஆப்னியாவும் திரும்பலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

எச்.ஆருக்கு மெயில் போடுங்க: கம்பெனி குரூப் பாலிசியில் பேரியாட்ரிக் சர்ஜரி உண்டா? தனி வரம்பு இருக்கா? காத்திருப்புக் காலம் தள்ளுபடியா? பதில் எழுத்தில் இருக்கட்டும். பல குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் இருக்கும். வேலை மாறும் யோசனை இருந்தால், இந்தப் பதில் வரும் வரை பேப்பர் போடாதீங்க.

டயட்டீஷியன் சீட்டு, ஜிம் ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் சேருங்க. எளிய வழிகளில் முயன்றதற்கு இவைதான் சாட்சி.

ரிப்போர்ட்டில் "தீவிரம்" வராவிட்டால், வர வைக்கிறேன் என்று சொல்பவரிடம் போகாதீங்க. பொய் ரிப்போர்ட் மோசடிக் கணக்கில்தான் வரும்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால், எந்தக் க்ளாஸ்படி என்று எழுத்தில் கேளுங்க. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாளில் தீரவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கு, கட்டணம் கிடையாது.

இதெல்லாவற்றுக்கும் முன்னாடி, காசே செலவில்லாத ஒரு வேலை. இன்னிக்கு ராத்திரி ரூம்மேட்டிடமோ வீட்டில் இருக்கிறவர்களிடமோ சொல்லி, நீங்க தூங்கும்போது போனில் ரெண்டு நிமிஷம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. குறட்டை நடுவில் நின்று, திணறி, மறுபடி ஆரம்பித்தால், அந்த வீடியோவோடு நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாருங்க. சர்ஜரி வேண்டுமா, எந்த சிகிச்சை என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியது. கணக்கு சம்பந்தமான சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க, அடுத்த வீடியோவில் பேசலாம்.