பைத்தானில் டிக்‌ஷனரி: எங்கள் ஊர் பின்கோடு

பைத்தான் மொழியில் டிக்‌ஷனரி என்றால் அர்த்தம் சொல்லும் அகராதி அல்ல. ஒரு 'கீ', அதற்கு ஒரு 'வேல்யூ'. கீயைக் கொடுத்தால் வேல்யூ கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் புதுப்பட்டினம் பக்கத்துப் பின்கோடுகளையே எடுத்துக்கொள்வோம். 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தானைத் திறந்து >>> குறிக்கு எதிரே டைப் செய்யுங்கள்:

ஊர் = {603104: "மாமல்லபுரம்", 603102: "கல்பாக்கம்"}

பிறகு ஊர்[603104] என்று கொடுத்து என்டர் தட்டினால் 'மாமல்லபுரம்' வரும். புதிதாகச் சேர்ப்பதும் சுலபம்:

ஊர்[603109] = "திருக்கழுக்குன்றம்"

இனிதான் கவனம் தேவை. புதுப்பட்டினத்துக்கும் கல்பாக்கத்துக்கும் ஒரே பின்கோடு. ஊர்[603102] = "புதுப்பட்டினம்" என்று கொடுத்தால் கல்பாக்கம் அழிந்துவிடும். எரர் மெசேஜ் எதுவும் வராது! ஒரு டிக்‌ஷனரியில் ஒரு கீ ஒரு முறைதான் இருக்க முடியும். (கடை வாடிக்கையாளர் பட்டியலில் இப்படி ஒருவர் காணாமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?) சரி, ஊர்ப் பெயரையே கீயாக வைத்தால்? சீர்காழிப் பக்கமும் ஒரு புதுப்பட்டினம் இருக்கிறது. எனவே பின்கோடே கீயாக இருக்கட்டும். வேல்யூவை மட்டும் சதுர அடைப்புக்குள் லிஸ்ட்டாகக் கொடுங்கள். இரண்டு ஊரும் பத்திரமாக இருக்கும்:

ஊர்[603102] = ["கல்பாக்கம்", "புதுப்பட்டினம்"]